டயர் உதைப்பவர்

நீங்கள் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். யார் வீட்டு வாசலிலாவது 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டிய வண்டி ஒன்று நின்றால், அதன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், இடுப்பில் கை வைத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்வலிக்காரரைப் போல 'ம்ச்' கொட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். கொஞ்ச நேரம் வண்டியை முறைப்பார். பிறகு காலைத் தூக்கி டயரை ஓர் உதை விடுவார். டயர் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஆனாலும் அது காதோடு ஏதோ ரகசியம் சொன்னதுபோல அவர் தலையை ஆட்டிக்கொள்வார்.

பழைய வண்டி விற்கிறவர்கள் இந்த இனத்துக்கு 'டயர் உதைப்பவர்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரில் ஏதாவது மரியாதை தொனித்தால் அது தமிழின் தாராளம். அமெரிக்காவின் கான்சாஸில் அவர்கள் சொல்லும்போது அப்படித் தொனிப்பதில்லை. உதைப்பார், குனிவார், அடியில் நுழைவார், மல்லாக்கப் படுப்பார், தட்டுவார், முகர்வார், குறித்துக்கொள்வார், கடைசியில் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். போய்விடுவார்.

வாங்கமாட்டார்.

கார் பார்க்கிற டயர் உதைப்பவர் உண்டு, படகு பார்க்கிறவர் உண்டு, டிராக்டர் பார்க்கிறவர் உண்டு. ஆனால் இந்த இனம் முழு வளர்ச்சி அடைந்து நிற்பது ஒரே இடத்தில்தான்: கையில் அளவான பணத்தை வைத்துக்கொண்டு, பழைய டீசல் மோட்டார்ஹோம் தேடுகிற இடத்தில். ஏன் என்று கேளுங்கள். காரில் குறை கண்டுபிடிக்க ஓர் என்ஜின்தான் இருக்கிறது. வீட்டில் குறை கண்டுபிடிக்கக் கூரை, குழாய், சுவர், தரை என்று இருந்தாலும் அது ஓடாது. மோட்டார்ஹோமோ சமையலறை, குளியலறை, கட்டில், கேஸ் அடுப்பு, கூரை எல்லாவற்றையும் முப்பத்தெட்டு அடி நீளத்துக்குச் சுமந்துகொண்டு, பின்புறத்தில் லாரி என்ஜின் ஒன்றையும் வைத்துக்கொண்டு, மின்சாரத்துக்கென்று தனியாக இன்னொரு குட்டி என்ஜினையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. குறை தேடுகிறவருக்கு இது கல்யாண விருந்து. பந்தியிலிருந்து எழுந்திருக்க மனம் வருமா?

மெக்ஃபர்சன் ஊரில் இருக்கும் வெர்லின் ஸ்டக்கிக்கு நான்கு வருடமாக வரவில்லை.

வெர்லினுக்கு அறுபத்தொன்பது வயது. நாற்பத்தொரு வருடம் தானியக் கிடங்கில் பரிசோதகராக இருந்தவர். ஜூன் மாதம் அறுவடையானதும் கோதுமை லாரிகள் வரிசையில் வந்து நிற்கும். இவர் மேலே ஏறி, ஆள் உயரப் பித்தளைக் குழாயை அந்தக் குவியலுக்குள் செருகி உருவி, வந்த மணிகளை உள்ளங்கையில் உருட்டி, ஒன்றைக் கடித்து, மீட்டரில் போட்டு, ஈரம் எவ்வளவு என்று பார்த்து, விலையில் எவ்வளவு வெட்டு என்று சொல்வார். வெட்டு இல்லாமல் போன லாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சொந்த மச்சான் டெல்மார் கொண்டுவந்த கோதுமைக்கே ஈரம் அதிகம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தவர். அதற்கப்புறம் இரண்டு கிறிஸ்துமஸுக்கு டெல்மார் இவர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. வெர்லினுக்கு அதில் வருத்தம் இருந்தது. சந்தேகம் இருக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்று, அறுபதாயிரம் டாலருக்குள் டீசல் வண்டி வாங்கி ஊர் சுற்றலாம் என்று முடிவு செய்தால் என்ன ஆகும்?

அந்த விலைக்கு இருபது வயது வண்டிதான் கிடைக்கும். வெர்லினுக்கு அது தெரியும். இருபது வயது வண்டிதான் வேண்டும், ஆனால் அதற்கு வயதாகியிருக்கக்கூடாது. ஓடாமல் நின்ற டீசல் என்ஜின் கெட்டுப்போகும் என்பதால் அது ஓடியிருக்கவேண்டும், ஆனால் அதிகம் ஓடியிருக்கக்கூடாது. வைத்திருந்தவர் ஒவ்வொரு ரசீதையும் தேதி வாரியாக அடுக்கிவைக்கிற ஆளாக இருக்கவேண்டும், ஆனால் விலை என்று வரும்போது மட்டும் அவருக்குக் கணக்குத் தெரியக்கூடாது. இது பேராசையா? இல்லவே இல்லை என்பார் வெர்லின். ஜாக்கிரதை.

அவர் வண்டி பார்க்கப் போகும் அழகே தனி. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தால் ஒன்பதுக்கே போய் நிற்பார். என்ஜின் சில்லென்று இருக்கும்போதே கிளப்பிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். சில பேர் முன்னாலேயே ஓட்டிச் சூடு பண்ணி வைத்துவிடுவார்கள். ஆகவே வணக்கம் சொல்லும் முன்பே பின்பக்க மூடியைத் திறந்து, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல என்ஜின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். விற்கிறவர் டோனட் நீட்டினால் எடுக்கமாட்டார். டோனட் கொடுக்கிறவன் எதையோ மறைக்கிறான். ஒன்றும் கொடுக்காமல் இருந்தாலோ, விருந்தாளிக்கு ஒரு வாய் காப்பி கொடுக்கத் தெரியாதவன் என்ஜினுக்கு ஆயில் மாற்றியிருப்பானா?

அப்புறம் டயர். உதைப்பது வெறும் சம்பிரதாயம். டயரின் விலாவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். எந்த வருடம், எந்த வாரம் செய்தது என்று அதில் தெரியும். அந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் உள்ளே திருப்பி மாட்டியிருப்பார்கள். வெர்லின் டார்ச்சோடு மண்ணில் படுத்து, தலையைச் சக்கரத்துக்குப் பின்னால் விட்டுப் படிப்பார். வெளியே பார்த்தாற்போல் இருந்தாலோ இன்னும் மோசம். "இவ்ளோ தைரியமா வெளிய காட்டுறான்னா…" என்று அப்போதும் படுத்து மறுபக்கத்தையும் பார்ப்பார்.

கையில் எப்போதும் நீல டேப் சுருள் ஒன்று. பெயின்ட் அடிக்கிறவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒட்டுகிற டேப். குறை கண்ட இடத்திலெல்லாம் ஒரு துண்டு கிழித்து ஒட்டி, கிடங்குச் சீட்டில் எழுதிப் பழகிய அதே கட்டை எழுத்தில் குறையை எழுதிவைப்பார். 'கதவு உரசுகிறது.' 'திருகு ஒன்று இல்லை.' 'வாசனை?' அவர் வேலையை முடித்து இறங்கும்போது வண்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுபோல் இருக்கும். சுவர்களுக்கு ஈரம் பார்க்க, மரத்தில் குத்துகிற மீட்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கும். அதை மட்டும் அவர் யாரிடமும் கொடுப்பதில்லை.

எல்லாம் முடிந்தபின் கடைசிக் கேள்வி. "ஏன் விக்கிறீங்க?"

இதற்குச் சரியான பதில் உலகத்திலேயே கிடையாது. மனைவிக்கு உடம்பு சரியில்லை என்றால், வண்டி ஒரு வருடமாக நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது என்று அர்த்தம். புதுசு வாங்கப் போகிறோம் என்றால், இதில் ஏதோ இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பணமுடை என்றால், பணம் இல்லாதவன் பராமரித்திருக்கமாட்டான்.

காருக்குத் திரும்பியதும், அங்கே குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி ட்வைலா நிமிர்ந்து பார்ப்பாள்.

"எப்படி?"

"நல்ல வண்டிதான்."

"அப்புறம் என்ன?"

"நல்ல வண்டியை எதுக்கு விக்கிறான்?"

இப்படி அறுபத்திரண்டு வண்டிகள். எல்லாம் ஒரு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதப்பட்டிருக்கின்றன. இதற்கிடையில் இணையத்தில் மோட்டார்ஹோம்காரர்கள் கூடிப் பேசும் குழு ஒன்றில் வெர்லின் பெரிய ஆளாகிவிட்டார். எந்த வருட வண்டியில் ரேடியேட்டர் எங்கே இருக்கும், எந்தக் கூரை எந்த மூலையில் ஒழுகும் என்று யார் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் பதில் போடுவார். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருப்பவர்கள் பாலைவனத்திலிருந்தும் மலையிலிருந்தும் அவருக்கு நன்றி சொல்லி எழுதினார்கள். ஒருநாள் ஒரு புதியவர் கேட்டுவிட்டார்: "ஐயா, நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?" வெர்லின் நோட்டை ஒருமுறை புரட்டிவிட்டு எழுதினார்: "இப்போதைக்கு ரெண்டு வண்டிக்கு நடுவுல இருக்கேன்." பொய் இல்லை. பதினெட்டாவது வண்டிக்கும் பத்தொன்பதாவது வண்டிக்கும் நடுவில் இருந்தார்.

இதுவரை கெட்டது ஒன்றுமில்லை. உலகத்தில் எத்தனையோ ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளை இதைவிட மோசமாகக் கழிக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் மார்ச் மாதத்தில் வெர்லின், அவருடைய இனத்தாரில் கொஞ்சம் பேர் மட்டுமே செய்கிற ஒரு காரியத்தைச் செய்துவிட்டார். வண்டி வாங்கும் முன்பே வீட்டை விற்றுவிட்டார்.

நல்ல விலை வந்தது. இரண்டு நாய்களோடு ஓர் இளம் ஜோடி வந்து, சுவரைத் தட்டாமல், தரையில் படுக்காமல், இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருக்கு" என்றார்கள். வெர்லினுக்கு அவர்களைப் பார்த்துப் பரிதாபமாக இருந்தது. மே முப்பது, வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவி கொடுப்பதாகப் பேச்சு. ஏப்ரலில் புல்தரையில் மேசை போட்டு, ஏலக்காரரைக் கூப்பிட்டு, சோபாவிலிருந்து சூப்புக் கரண்டி வரைக்கும் ஏலத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்தது காற்றடித்த மெத்தை ஒன்று, தட்டு இரண்டு, நோட்டு.

மே இருபத்தேழு, செவ்வாய்க்கிழமை காலை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து இருவரும் முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன்னைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை சாவி குடுக்கணும், வெர்லின்."

"தெரியும்."

"இன்னிக்கு செவ்வா."

"அதுவும் தெரியும்."

"அப்போ வெள்ளிக்கிழமை நாம எங்க படுக்கப்போறோம்கிறதும் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

வெர்லின் பன்னைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். "உங்கண்ணன் வீட்டு பேஸ்மென்ட் காலியாத்தானே இருக்கு."

"டெல்மார் பேஸ்மென்ட்ல ஆறு மான் தலை மாட்டியிருக்கு. அதுங்க ஆறும் பாத்துக்கிட்டு இருக்க, நான் எப்படித் தூங்குறது?"

"ரெண்டு வாரந்தானே."

"நாலு வருஷத்துக்கு முன்னாடியும் 'ரெண்டு வாரத்துல வாங்கிடலாம்'னுதான் சொன்னே."

ட்வைலா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வெர்லினுக்குச் சங்கடமாக இருந்தது. அவள் இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். காலையில் நாற்பத்திரண்டு மைல் சுற்று, மாலையில் அதே நாற்பத்திரண்டு மைல். எந்தச் சாலையில் போனாலும் கடைசியில் அது அவளைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். திரும்பி வராத ஒரு சாலையில் ஓட்டவேண்டும், அது முடிகிற இடத்தில் கடல் இருக்கவேண்டும், ஜன்னலைத் திறந்துபோட்டு அந்தச் சத்தத்தில் தூங்கவேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். பேஸ்மென்டுக்குள் இறங்கிவிட்டால் இந்த மனிதர் மேலே ஏறி வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அங்கே இன்டர்நெட்டும் நன்றாக வரும்.

"இன்னிக்கு விச்சிடா பக்கம் ஒண்ணு பாக்கணும்" என்றார் வெர்லின். "அறுபத்து மூணாவது."

"இன்னிக்கு நானும் உள்ள வர்றேன்" என்றாள் ட்வைலா.

விற்கிறவர்கள் கென்ட், மார்வா என்று எழுபதை நெருங்கும் ஒரு தம்பதி. ஆள் மெலிந்த கென்ட் பேசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தொப்பியைச் சரிசெய்துகொள்வார். மார்வாவுக்கு அந்த மாதிரி முன்னேற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. வண்டி இரண்டாயிரத்து நான்காம் வருடத்தது. இந்த ஜாதி வண்டிகள் எல்லாவற்றையும்போல, காப்பியில் பால் ஊற்றியதும் சுழலுமே, அந்த நிறத்தில் அந்த மாதிரிக் கோலம் போட்ட வண்டி. கேட்ட விலை ஐம்பத்தைந்தாயிரம்.

வெர்லின் என்ஜினில் கை வைத்தார். சில்லென்று இருந்தது. கிளப்பச் சொன்னார். ஒரே திருப்பில் கிளம்பியது. கொஞ்சம் புகை வந்து நின்றுவிட்டது. டயர் போன வருடத்தது. ரசீதுகள் தேதி வாரியாக இருந்தன. வெர்லினுக்கு உள்ளுக்குள் லேசாக வியர்த்தது. அவர் கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்டுவிட்டார்.

"ஏன் விக்கிறீங்க?"

கென்ட் தொப்பியைச் சரிசெய்தார். மார்வா முந்திக்கொண்டாள். "போதும் போதும்கிற அளவுக்கு சுத்தியாச்சுங்க. இனிமே ஒரு கட்டில் ஒரே இடத்துல நின்னா தேவலைன்னு இருக்கு."

இந்தப் பதிலில் எங்கே குறை? வெர்லின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் படுத்துக்கூடப் பார்த்திருப்பார். ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குப் பயமே வந்துவிட்டது.

டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினார். ஒரு மணி நேரத்தில் பதினொரு துண்டு ஒட்டினார். பதினொன்றும் சில்லறைக் குறைகள். கடைசியாகப் படுக்கையறை மூலையில் மண்டியிட்டு மீட்டரைக் குத்தினார். பதினான்கு புள்ளி ஒன்று சதவீதம் ஈரம். அப்பாடா! நல்ல நீளமாக ஒரு துண்டு கிழித்து, '14.1, ஈரம் அதிகம்' என்று எழுதி ஒட்டினார்.

"வெர்லின்" என்று ட்வைலா கூப்பிட்டாள். கட்டிலுக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "இங்க ஏற்கனவே ஒண்ணு ஒட்டியிருக்கே."

அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் நீல டேப் துண்டு ஒன்று. ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்துப்போயிருந்தது. அதில் கட்டை எழுத்தில்: '14.1, ஈரம் அதிகம். கீழ் மூலை.'

நாற்பத்தைந்து வருடம் ஒருத்தரின் மளிகைச் சீட்டைப் படித்தவளுக்குக் கையெழுத்து தெரியாதா? ட்வைலா டேப்பையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

வாசற்படியில் நின்ற மார்வா சிரிக்க ஆரம்பித்தாள். "அதுவா! அது எங்க மிஸ்டர் டேப் ஒட்டினது. பிச்சு எறிய மனசு வரல, எடுத்து இங்க ஒட்டி வெச்சேன்."

"யாரு?" என்றாள் ட்வைலா.

"யாருன்னு தெரியாதுங்க. நாங்க இதை சலைனாவுல ஒரு பல் டாக்டர்கிட்ட வாங்கினோம். நாங்க போறதுக்கு மொத நாள் யாரோ ஒரு ஆளு வந்திருக்கான். நாலு மணி நேரமாம்! நாப்பத்தொரு எடத்துல டேப். பாவம், டாக்டர் அரண்டு போயிட்டார். இப்படி ஒரு வண்டியையா இத்தனை நாள் ஓட்டினோம்னு அவருக்கு ஒரே நடுக்கம். எங்களைப் பாத்ததும், 'ஏழாயிரம் கம்மியா குடுங்க, இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க'ன்னுட்டார்."

"நாங்க வாயே தொறக்கல" என்றார் கென்ட். தொப்பியைத் தொடக்கூட மறந்துபோனார்.

"அப்போ அந்த நாப்பத்தொண்ணையும் சரிபண்ணினீங்களா?" ட்வைலாவின் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது.

"மூணை சரிபண்ணினோம். மிச்சமெல்லாம் எங்ககூடவே அலாஸ்கா வரைக்கும் வந்துட்டுத் திரும்பி வந்துடுச்சு."

வெர்லின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். பதினேழாவது வண்டி. சலைனா. பல் மருத்துவர். அதில் குறித்திருந்த வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சுவரில் ஒட்டிய தகட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒப்பிட வேண்டியதே இல்லை. இருந்தாலும் பார்த்தார். அறுபத்திரண்டு வண்டிகளையும் அடியிலிருந்தும் பின்னாலிருந்தும் மூலையிலிருந்தும் பார்த்திருக்கிறார். ஆனால் எதையும் தள்ளி நின்று முகம் பார்த்ததில்லை. பின் எப்படி அடையாளம் தெரியும்?

"நான்தான்" என்றார்.

"என்னது?"

"அந்த ஆளு. நான்தான்."

மார்வா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கென்ட் முன்னால் வந்து கை நீட்டினார். வெர்லின் அதைப் பிடித்ததும் கென்ட் விடாமல் குலுக்கினார். "மூணு வருஷமா உங்களை நெனைக்காத நாளே இல்லைங்க" என்றார், மிகவும் உணர்ச்சியோடு. சங்கடப்பட்ட மனிதர் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவுவதுபோல, புதிதாக ஒட்டிய டேப்பைப் பார்த்துக் கேட்டார்: "இது பழசுலயும் பதினாலு புள்ளி ஒண்ணு, இப்பவும் பதினாலு புள்ளி ஒண்ணு. அப்படின்னா ஒழுகலைன்னுதானே அர்த்தம்?"

"ஒழுகலைதான். ஆனா பதிமூணரைக்கு மேல போகக்கூடாது."

"அப்படியா? யாரு வெச்ச கணக்கு அது?"

"நாப்பத்தொரு வருஷமா அதுதான் கணக்கு."

"எதுக்கு?"

வெர்லின் பதில் சொல்லக் கையைத் தூக்கினார். கையில் இருந்த மீட்டரைப் பார்த்தார். அறுபத்து மூன்று வண்டிகள், எத்தனை மூலைகள், எத்தனை பதினான்குகள், ஒரு பதினாலரை, நெப்ராஸ்காவில் ஓர் அருமையான பதிமூன்று புள்ளி ஏழு. எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் லாரிகள்போல நின்றன.

"கோதுமைக்கு" என்றார்.

கென்ட் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"நாங்க இதை அரைச்சு ரொட்டி சுடலைங்க" என்றார் கென்ட், மிகவும் மரியாதையாக.

ட்வைலா சிரிப்பாள் என்று வெர்லின் எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் தேவலை. அவள் நடந்து முன்பக்கம் போய்விட்டாள். கதவுக்குப் பக்கத்தில் நாட்டு வரைபடம் ஒன்று ஒட்டியிருந்தது. போய்வந்த மாநிலங்களுக்கெல்லாம் வண்ணத்தாள் வெட்டி ஒட்டுகிற வரைபடம். அநேகமாக ஒன்றுகூட மிச்சமில்லை. அவள் விரல் கான்சாஸில் தொடங்கி மேற்கே போய் நின்றது.

"கடல்கிட்ட நிறுத்தினீங்களா?"

"ஒரெகன்ல ஒரு இடம்" என்றாள் மார்வா. "ஜன்னலைத் தொறந்தா தலைமாட்டுலயே அலை. மூணாவது நாள் நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டேன்."

"பஞ்சா?" என்றாள் ட்வைலா. கேட்கவே கூடாத ஒன்றைக் கேட்டவள்போல இருந்தது அவள் முகம்.

வெர்லின் இதைப் பின்னாலிருந்து பார்த்தார். அறுபத்து மூன்று வண்டியில் இல்லாத பெரிய விரிசல் ஒன்றை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். அது எந்தச் சுவரிலும் இல்லை. அதற்கு டேப் ஒட்ட முடியாது. அவர் மனதார ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல நினைத்தார். ஆனால் இத்தனை வருடப் பழக்கம் லேசுப்பட்டதா? தொண்டையைச் செருமியதும் தானாக வந்து விழுந்தது:

"யோசிச்சுச் சொல்..."

புஸ்ஸ் என்று பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். காற்று பிரேக் விடுபட்ட சத்தம். ட்வைலா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? இருக்கையைத் தன் உயரத்துக்கு இறக்கி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் திருப்பி வைத்தாகிவிட்டது. நான்கு வருடமாக வண்டி பார்க்கிறார்கள், வீட்டிலேயே பெரிய வண்டி ஓட்டத் தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளை ஒருமுறைகூட உட்கார்ந்து பார் என்று யாரும் சொல்லவில்லை.

"நீ யோசி, வெர்லின்" என்றாள் அவள், திரும்பாமல். "நல்லா யோசி. ஆனா உக்காந்து பெல்ட்டைப் போட்டுக்கிட்டு யோசி. கென்ட், ஒரு சுத்து போயிட்டு வரட்டுமா?"

"தாராளமா, மேடம்!"

இரண்டு மைல் போய்த் திரும்பி வந்தபோது ட்வைலாவின் கன்னம் சிவந்திருந்தது. வெர்லினின் முகம் வெளுத்திருந்தது. அவள் இறங்கிவந்து கைப்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தாள். மார்வா தடுத்தாள். "ஐம்பத்திரண்டு போதும். உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு நாலு மணி நேரம் எங்களுக்காக உழைச்சிருக்கார். அதுக்குக் கூலி வேண்டாமா?"

அந்தக் கூலியைச் சம்பாதித்தவர் வண்டிக்குள் சுற்றிவந்து, அன்று ஒட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். '14.1' என்று எழுதியதை மட்டும் பிய்க்கும் முன் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதையும் பிய்த்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவியைக் கொடுத்தார்கள். புது வீட்டுக்காரர்களின் நாய்கள் இரண்டும் வண்டியைச் சுற்றிவந்து முகர்ந்து பார்த்தன. வெர்லினுக்கு அவற்றின் நிதானம் பிடித்திருந்தது. டெல்மார் வழியனுப்ப வந்திருந்தார். சுவரில் ஒரு தட்டுத் தட்டி, "ஈரமில்லையே?" என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே வெகுநேரம் சிரித்தார்.

மேற்கே போகும் சாலை. இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் கோதுமை. ட்வைலா ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் வெர்லின், மடியில் நோட்டு. கிரேட் பெண்ட் தாண்டி இருபது நிமிடம் இருக்கும். வேகம் ஐம்பத்தைந்து மைலைத் தொட்டதும், பின்னால் எங்கிருந்தோ ஒரு சத்தம் வர ஆரம்பித்தது.

டிக். டிக். டிக்.

வெர்லினின் காது விடைத்தது. "கேக்குதா?"

"என்னது?"

"பின்னாடி. டிக் டிக்னு."

"கேக்குது."

"ஓரமா நிறுத்திப் பாத்துடலாமா? ஒரு நிமிஷந்தான்."

"நிறுத்துறேன்" என்றாள் ட்வைலா. "தண்ணி தெரியட்டும், நிறுத்துறேன்."

அவர் நோட்டைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். ஐம்பத்தைந்தில் டிக், ஐம்பதில் இல்லை, வளைவில் இரண்டு மடங்கு. எழுதவேண்டிய எல்லாம் தலைக்குள் தயாராக இருந்தது. பக்கத்தில் அவள் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காற்றை விரல்களுக்குள் விட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குத் தாளம் சேர்கிற ஏதோ ஒரு ஞாயிற்றுப் பள்ளிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெர்லின் கொஞ்சதூரம் பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மூடியைப் போட்டார். அவர் இனத்தில் இதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததாகத் தகவல் இல்லை.

சரி, அந்தச் சத்தம் என்ன?

பெல்ட்டா? தளர்ந்த மூடியா? அலமாரியில் ஒன்றோடொன்று இடிக்கிற இரண்டு தட்டா? அல்லது நாளை மலைமேல் ஏறும்போது கழுத்தை அறுக்கப்போகிற பெரிய விஷயம் ஏதாவதா? ஐம்பத்திரண்டாயிரம் கொடுத்த வண்டி, கேட்டுவைக்க வேண்டாமா? இத்தனை நேரம் வெர்லினைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர் நீங்கள். இப்போது கதையை முடிக்க விடாமல், அது என்னவென்று தெரிந்தால்தான் ஆயிற்று என்று இந்த வரியிலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறீர்களா? நிற்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் யாராவது, செருப்பையும் மாட்டிக்கொண்டு, 'கிளம்பலாமா' என்று நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுங்கள்.